ஊதா விளக்கு

மேடவாக்கத்தில் எங்கள் பிளாட்டுக்குள் வெயிலே வராது. அதனால் படுக்கையறையில் சின்னக் கூடாரம் போட்டுப் புதினா வளர்த்தேன். அதற்கு எல்ஈடி விளக்கு வாங்கப் போனபோது, "வெள்ளையா, ஊதாவா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். ஊதாவில் செடி வேகமாக வளரும் என்று எங்கோ படித்த நினைவில் அதையே எடுத்தேன்.

ஒரு ஞாயிறு மாலை, ஜன்னலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எங்கள் குடியிருப்புக்காரர்கள் மூன்று பேர் கதவை உதைத்துத் திறந்தார்கள்.

"நியூஸ்ல காட்டுன மாதிரியே ஊதா லைட் போட்டு வீட்டுக்குள்ளயே கஞ்சா வளர்க்கிறியா?" என்று ஒருவர் என் முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். கீழே விழுந்த என்னை விலாவில் மிதித்தார்கள். ஒருவர் விளக்கைப் பிடுங்கி என் தலைக்கு ஓங்கினார். அப்போது எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து குறுக்கே விழுந்தார். அடி அவர் தோளில் இறங்கியது. அதுவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

வலியோடு எழுந்தவர் கூடாரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து முகர்ந்தார். பிறகு அடித்தவரிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். புதினா."

அவர் முகர்ந்து பார்த்துவிட்டு விளக்கைக் கீழே வைத்தார். மூவரும் போய்விட்டார்கள்.

அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டேன், "நிஜமாவே கஞ்சாவா இருந்திருந்தா?"

"போலீசைக் கூப்பிட்டிருப்பேன். ஆனா அடிக்க விட்டிருக்க மாட்டேன்."

தப்பு செய்யாததால்தான் பிழைத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.