வாப்பாவைக் கேள், உம்மாவைக் கேள்

ஷார்ஜாவில் கோடை வந்துவிட்டால், குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதித்து, பச்சைத்தண்ணீர்க் குழாய் கையைச் சுட்டுவிடும். ஆகவே ஹீட்டரை அணைத்துப் போட்டுவிடுவோம். குளியலறை நிழலில் இருக்கும் அதன் வயிற்றுக்குள் தண்ணீர் ஆறிக் கிடக்கும். இருபத்தோரு வருடமாகிறது, இன்றும் என் கை முதலில் தவறான குழாய்க்குத்தான் போகிறது. காலை ஐந்தே முக்காலுக்குக் குளித்து முடித்து போனைக் கையில் எடுப்பேன். அப்போது காயல்பட்டினத்தில் மணி ஏழேகால். என் ஒரே மகள் சபீனா திருநெல்வேலி ரயிலில் ஏறும் நேரம். அறையில் என்னோடு இருக்கும் திருநெல்வேலிப் பேட்டைக்காரர் காஜா, போர்வைக்குள் இருந்தபடியே கேட்பார்.

“என்னவே பாய், ஒம்ம மவ ஏறிட்டாளா? வண்டிய எடுக்கச் சொல்லலாமா?”

சபீனா கல்லூரியில் மூன்றாம் வருடம் வேதியியல் படிக்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கல்லூரி என்றால் என்ன என்று அவள் அனுப்பும் குரல் பதிவுகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். “வாப்பா, இன்னைக்கு சன்னல் சீட் கிடைச்சிட்டு. ஸ்ரீவைகுண்டத்துல இசக்கி ஏறுனா, புளிச்சோறு கொண்டாந்திருக்கா. ரெக்கார்ட் நோட்டுல இன்னும் ரெண்டு படம் பாக்கி, பாளையங்கோட்டை வாறதுக்குள்ள வரைஞ்சிருவேன்.” ஓடுகிற ரயிலில் எப்படிக் கோடு நேராக வரும் என்று கேட்டேன். வண்டி நிற்கிற ஸ்டேஷனில் மட்டும்தான் வரைவாளாம். ஓடும்போது பேனாவைத் தூக்கிவிடுவாளாம். அதைக் கேட்ட நாள் முழுவதும் கடையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பக்காலாவில். மளிகைக் கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வழக்கமாக வரும் அரபிக் கிழவி ஒருவர், மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் மகள், தண்ணீர், படிப்பு என்று மூன்று சொல்லைச் சேர்த்தேன். அவர் வாசலைப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் போத்தலை எடுத்துக் காசு கொடுத்து, “பாவம், வெளியே வெயில். அவளுக்குக் கொடு” என்று என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். இல்லை என்று விளக்க எனக்கு மொழியும் இல்லை, தைரியமும் இல்லை.

தண்ணீர் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. சபீனாவின் வகுப்பில் பதினொரு பெண்கள், இரண்டு ஆசிரியைகளோடு பாபநாசத்தில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே தாமிரபரணித் தண்ணீரை இடத்துக்கு இடம் எடுத்துச் சோதிக்கப் போகிறார்கள். போகாவிட்டால் வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துத் தேறிவிடலாம். ஆனால் அவளுக்கு இதுதான் வேண்டும். “நம்ம வீட்டுக் குழாயில வாறது அந்தத் தண்ணிதான் வாப்பா. மேல உள்ளவங்க எல்லாரும் குளிச்சு, தொவச்சு, மிச்சம்தான் நமக்கு வருது. மேல அது எப்பிடி இருக்குன்னு ஒருக்கா பாக்க வேண்டாமா?”

பெற்றோர் சம்மதக் கடிதத்தை வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நான் வழக்கம்போல, “உம்மாட்ட கேளும்மா” என்றேன்.

இந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். என் உம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு நடந்து மனைவி மர்யம் வீட்டுக்குள் நுழைந்த நாள்தான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். மாமியார் சோறு வைக்க வந்தால் கூச்சத்தில் தட்டைக் கையால் மறைத்துவிட்டுப் பாதிப் பசியோடு எழுந்திருப்பேன். அந்த வீட்டுக் காரியங்களில் வாய் கொடுப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் விமானம் ஏறினேன். வீட்டிலிருந்து எதைக் கேட்டாலும், “உங்க இஷ்டம்” என்பதுதான் என் பதில். மர்யமோ, வெயிலில் உழைக்கிற மனிதரை மீறக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் பிள்ளையிடம், “வாப்பாட்ட கேளு” என்பாள். இருவருமே மரியாதைதான் செய்துகொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை சபீனாவிடமிருந்து ஒரு பதிவு வந்தது. பின்னால் ரயில் சத்தம். “வாப்பா, நீங்க உம்மாட்ட கேளுங்கீங்க. உம்மா வாப்பாட்ட கேளுங்கா. சின்னப் பிள்ளையில இருந்து நடுவுல நா ஒருத்தி நிக்கேன். வேண்டாம்னு சொல்லணும்னாலும் யாராவது ஒருத்தரு சொல்லுங்க.”

கடைக்குள் நின்று இரண்டு முறை கேட்டேன். நான் மரியாதை என்று நினைத்தது பிள்ளைக்கு மூடிய கதவாக இருந்திருக்கிறது. மதிய இடைவேளையில் வீட்டுக்கு அழைத்தேன். எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் சொல்வது அத்தனை பேருக்கும் கேட்கும். அதுவும் நல்லதற்குத்தான் என்று, “பிள்ள பாபநாசம் போவட்டும்” என்றேன்.

மர்யம்தான் முதலில் பேசினாள். “இந்த வீட்டுப் பொம்பளப் பிள்ள ஒண்ணும் வெளிய தங்குனதில்ல. இருபத்தோரு வருசமா ஒண்ணுக்கும் வாயத் தொறக்கல, இதுக்கா தொறக்கணும்?”

“தொறந்தாச்சுல்லா. இனி மூட முடியாது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மர்யம் சிரிக்கவில்லை. “அங்கன இருந்துக்கிட்டு லேசாச் சொல்லிருவீங்க. வழியில பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடப்போறது யாரு, நானா நீங்களா?”

உள்ளதைச் சொன்னேன். “நீதான். எனக்கு அது தெரியும். ஆனா நா அங்கன இல்லங்கதுக்காகப் பிள்ள வீட்டுக்குள்ள நிக்கக்கூடாது.”

அவள் போனை வைத்துவிட்டாள். சபீனா போனில் அனுப்பியிருந்த கடிதத்தை அச்செடுத்து, கல்லாப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்திட்டு, படமெடுத்து அனுப்பினேன். புதன்கிழமை சபீனா ஸ்டேஷனுக்கு வெளியே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பேராசிரியை வாங்கவில்லை. அச்சில் வந்த கையெழுத்து செல்லாதாம். ஊரில் இருக்கிறவர் மையில் போட வேண்டுமாம். மறுநாள்தான் கடைசி நாள்.

வியாழக்கிழமை காலை, அங்கே வண்டி ஏறும் நேரத்தில், சபீனாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடவே, “கொடுக்கப் போறேன்” என்று இரண்டே சொல். அந்தக் கடிதத்தின் படம். மேலே என் கையெழுத்து, அச்சில் வெளிறிப் போயிருந்தது. அதற்குக் கீழே மர்யமின் கையெழுத்து, நீல மையில், தாள் குழிவிழும்படி அழுத்திப் போட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். படமெடுக்கும்போது தாள் பறக்காமல் இருக்க நான் ஓரத்தில் அழுத்திப் பிடித்திருந்த பெருவிரலும் அச்சில் வந்திருந்தது. அடுத்த வாரம் அவர்கள் பாபநாசம் கிளம்பிவிட்டார்கள். பிள்ளை இந்நேரம் ஆற்றில் இறங்கியிருப்பாள். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பெருவிரல் மட்டும், மர்யமின் கையெழுத்துக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் ஒரு கல்லூரி அலமாரிக்குள் இருக்கிறது.