கருடன் வந்த காலை

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு வானத்தில் கருடனைக் கண்டால் கை தானாகக் குவிந்துவிடும். வாயும் சும்மா இருக்காது. அந்தப் பழக்கம்தான் அன்று வினையானது.

அறுபதுகளின் கடைசியில், எங்கள் பள்ளி ஆசிரியைகள் சிலர் பஸ் பிடித்துக் கோடிக்கரைக்குப் பறவை பார்க்கப் போனோம். கமலா டீச்சருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. "கண்ணு முழுசா போறதுக்குள்ள பூநாரையை ஒரு தடவை பாத்துடணுங்க" என்று சொல்லித்தான் எங்களோடு கிளம்பினார்.

உப்பங்கழி ஓரமாக வனக்காவலர் எங்களைக் குனிந்து நடக்க வைத்தார். "பேசாம வாங்க, பறந்துடும்" என்றார். எதிரே தண்ணீரில் கூட்டமாகப் பூநாரைகள். இருந்ததோ ஒரே பைனாகுலர். நான் ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் கமலா டீச்சரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் செம்பருந்து ஒன்று வட்டமிட்டது. எங்களுக்கு அதுதான் கருடன்.

"கருடன்! எல்லாரும் சேவிச்சுக்கோங்கோ!" என்று கத்திவிட்டேன்.

பூநாரைகள் அத்தனையும் ஒன்றாக எழுந்து போய்விட்டன. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை காத்திருந்தோம். அவை திரும்பவே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கமலா டீச்சர் என் தோளைத் தட்டி, "அதான் பறக்கறப்போ நல்லா பாத்துட்டேனே, விடுங்க" என்றார். நானும் வெட்கமில்லாமல் அதை நம்பி, பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

திருச்சி நெருங்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, றெக்கைக்கு உள்பக்கம் சிவப்பா இருக்கும்னாங்களே, இருந்துச்சா?"

"இருந்துது டீச்சர், நல்ல சிவப்பு" என்றேன்.

இன்றும் கருடனைக் கண்டால் கை குவிகிறது. வாயைத்தான் திறக்க முடிவதில்லை.