மைல்கல்லுக்கு ஹாரன்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் நின்ற டிரைவர்களுக்கு உலகத்தில் இரண்டே வகைக் கண்ணாடிதான் தெரியும். ஒன்று கூலிங் கிளாஸ். அதைப் போட்டவன் ஆண்மகன். இன்னொன்று பவர் கண்ணாடி. அதைப் போட்டவன் கண் அவிந்தவன், அவன் வண்டியில் ஏறக்கூடாது. இந்த ஞானத்தை இவர்களுக்கு யார் புகட்டினார்களோ தெரியாது. வாடகைக்குக் கார் கேட்டு வருகிற மகராசன்களும் அதையே நம்பினார்கள். என் வீட்டுக்காரரும் நம்பினார். நம்பியது போதாதென்று அதன்படி வண்டியும் ஓட்டினார்.

எங்களுடையது பழைய அம்பாசிடர். என் தாய்வீட்டில் போட்ட நகையெல்லாம் அதற்குள்தான் போய் உட்கார்ந்திருந்தது. அது போனால் போகட்டும், இரும்புதானே. அதை ஓட்டிக்கொண்டு போகிற மனிதர் முழுசாக வீடு திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவருக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று நான் கண்டுபிடித்த நாளிலிருந்து, அவர் சாவியை எடுத்தாலே நான் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

கண்டுபிடித்தது குரும்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. நல்ல பகல். ஊர் தாண்டியதும் ஹாரன் அடித்தார். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மறுபடியும் அடித்து, வேகத்தையும் குறைத்தார்.

"யாருக்குங்க அடிக்கிறீங்க?"

"ஓரமா ஆடு நிக்குதுல்ல. வெள்ளை ஆடு. குறுக்க பாஞ்சாலும் பாஞ்சிடும்."

ஆடு நிற்கத்தான் செய்தது. அதன் வயிற்றில் பெரம்பலூர் என்று எழுதி, கீழே எத்தனை கிலோமீட்டர் என்றும் போட்டிருந்தது.

"அது மைல்கல்லுங்க. இன்னொரு தடவ அடிங்க, எந்திரிச்சுப் போவுதான்னு பாப்போம்" என்றேன்.

வெயிலில் கண் கூசுகிறது, அதுதான் அப்படித் தெரிந்தது என்று சமாளித்தார். அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் அவர் கார் எடுக்கும்போது நான் வாசல் குழாயடியில் நிற்பேன். அவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கொடியில் காய்கிற என் பச்சைப் புடவையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். ஒருநாள் நான் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். புடவை வாய் திறக்கவில்லை என்று ராத்திரி சோற்றுத்தட்டின் முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் லப்பைக்குடிக்காட்டு வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். வளைகுடாவில் வேலை. அவர் விமானம் ஏறவும் இறங்கவும் எங்கள் கார்தான் மெட்ராஸ் வரை போய்வரும். அந்தப் புண்ணியவான் ஒருமுறை திரும்பி வந்தபோது இவருக்கு ஒரு கூலிங் கிளாஸ் கொடுத்தார். தங்க நிற ஃபிரேம், தார் மாதிரி கறுத்த கண்ணாடி. போதுமே. அன்றிலிருந்து குளிக்கும்போது தவிர அது இவர் மூக்கை விட்டு இறங்கவில்லை. பகலில் போட்டால் சரி, வெயில் என்று விட்டுவிடலாம். ராத்திரியும் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

"ராத்திரியில எந்தச் சூரியன் அடிக்குது?" என்று கேட்டேன்.

"எதிர்ல வர்ற லாரி லைட்டு கண்ணைப் பறிக்குது. இதப் போட்டா சொகமா இருக்கு."

சுகமாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் இன்னும் சுகமாக இருக்கும். லைட்டும் தெரியாது, லாரியும் தெரியாது.

நான் கத்தியதில் ஒரு பலன் இருந்தது. இவர் யோசித்தார். இவர் யோசித்தால் இன்னும் ஆபத்து என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் எதிர் வண்டிக்குக் கூசக்கூடாது என்று கார் முகப்பு விளக்கின் மேல் பாதியில் கறுப்பு பெயிண்ட் அடிப்பார்கள். இந்த மேதை அதே பெயிண்டை எடுத்து, அதே பிரஷ்ஷால், கூலிங் கிளாஸின் மேல் பாதியில் அடித்துக்கொண்டார். மேல் பாதி லைட்டைத் தடுக்குமாம், கீழ் பாதியில் ரோட்டைப் பார்த்துக்கொள்ளலாமாம். ஸ்டாண்டில் இதற்கு ஏகப்பட்ட பாராட்டு. இன்னொரு டிரைவர் தன் கண்ணாடிக்கும் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டாராம். மோவாயைத் தூக்கி, மூக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகள் கார் ஓட்டுவதை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஒழுங்கா ஒரு பவர் கண்ணாடி வாங்குங்க. இல்லன்னா வூட்டுல உலை வைக்க மாட்டேன்" என்றேன். இரண்டு வேளை பட்டினி போட்ட பிறகு, அரியலூர் சந்தைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கி வந்தார். தரையில் சாக்கை விரித்துக் கண்ணாடி விற்கிறவனிடம். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கடைக்காரன் ஒரு செய்தித்தாளைக் கையில் கொடுத்தானாம். ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப் படித்துப் பார்த்து, எதில் எழுத்து ரொம்பப் பெரிதாகத் தெரிந்ததோ அதை எடுத்துக்கொண்டாராம்.

அது வெள்ளெழுத்துக் கண்ணாடி. வயசானவர்கள் ஊசியில் நூல் கோக்கப் போடுவது. எங்கள் பக்கத்தில் கண்ணாடி என்றால் எழுத்துக்கு, எழுத்து என்றால் பேப்பர், அவ்வளவுதான் கணக்கு. பள்ளிக்கூட வாத்தியாரும் அப்படித்தான் வாங்குவார், ஊரில் வரி வசூலிக்கிற பட்டாமணியமும் அப்படித்தான் வாங்குவார். ரோட்டில் யாரும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எதிரே வருவதில்லை என்று ஒருவருக்கும் தோன்றாது. அதை மாட்டிக்கொண்டு வரதராஜன்பேட்டைக்கு ஒரு வாடகை போனார். எதிரே வந்த வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டியை மேடு என்று நினைத்தாராம். மேடு நகர்ந்ததும் காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். நல்லவேளை, மாட்டுக்கும் ஒன்றுமில்லை, மனுசருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, தப்பு வண்டிக்காரன் மேல் என்றார்.

மறுநாள் நானே இழுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். பஸ்ஸில். கண் டாக்டர் சுவரில் தூரமாக எழுத்துகளை மாட்டி வைத்துப் படிக்கச் சொன்னார். இவர் முதல் வரியைத் தாண்டவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேலை செய்றீங்க?"

"டிரைவர் சார்."

"இத்தனை நாளா எப்படிங்க ஓட்டினீங்க?"

"ரோடு பழக்கம் சார்."

"ரோடு பழக்கம் சரி. எதிர்ல வர்றவனும் பழக்கமா?" என்று நான் கேட்டேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

அவர் சொன்னதில் புரியாத விஷயம் ஒன்றுமே இல்லை. இவருக்குக் கிட்டத்தில் பழுதில்லை, தூரத்துக்குத்தான் பவர் வேண்டும். ராத்திரிக்கு நிறமே இல்லாத வெள்ளைக் கண்ணாடி. கறுப்போ மஞ்சளோ எதைப் போட்டாலும் வருகிற கொஞ்ச வெளிச்சமும் குறையும், ஓரமாக நடக்கிறவன் கண்ணில் படமாட்டான். பகல் வெயிலுக்கு வேண்டுமென்றால் அதே பவரில் இலேசாக நிறம் போட்ட கண்ணாடி தனியாக வைத்துக்கொள்ளலாம். கீறல் விழுந்த கண்ணாடியில் லைட் சிதறும், மாற்றிவிட வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஸ்டாண்டுக்கு இது ஆயுசுக்கும் விளங்கவில்லை.

வெள்ளைக் கண்ணாடி மட்டும் செய்து வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை இவர். "வேப்ப மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றார். இத்தனை வருஷம் எதைப் பார்த்து ஓட்டினார்?

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு லப்பைக்குடிக்காட்டுக்காரர் மெட்ராஸ் போக ஸ்டாண்டுக்கு வந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாராம்.

"என்னண்ணே, கண்ணு கோளாறா?"

"இல்ல பாய், இப்பத்தான் நல்லா தெரியுது."

"இருக்கட்டும்ணே. தூரப் பயணம் பாருங்க. புள்ளைங்க வேற வருது. இன்ஷா அல்லா அடுத்த தடவ பாப்போம்."

சொல்லிவிட்டுப் பக்கத்து வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஓட்டியது யார் தெரியுமா? கண்ணாடிக்குப் பாதி பெயிண்ட் அடித்துக்கொண்ட அந்த இன்னொரு மேதை. கண் தெரியாத காலமெல்லாம் பிள்ளைகுட்டியோடு என் வீட்டுக்காரர் காரில் தூங்கிக்கொண்டே போனவர், கண் தெரிந்த அன்றைக்கு இறங்கிவிட்டார். இந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல?

அதற்குப் பிறகு ஒருநாள் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். இவர் மூக்கில் பழைய கூலிங் கிளாஸ். பெயிண்டைச் சுரண்டியிருந்தார். பவர் கண்ணாடி டாஷ்போர்டுக்குள் படுத்திருந்தது.

"ஊரைத் தாண்டினதும் மாத்திக்குவேன்" என்றார்.

"ஜனம் நடக்கறது ஊருக்குள்ளதான். அங்க குருடா ஓட்டிட்டு, ஆளில்லாத ரோட்டுல கண்ணைத் திறந்துக்குவீங்களோ?"

அந்தக் கூலிங் கிளாஸை மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திருச்சிக்குப் போனேன். அதே தங்க ஃபிரேமில், டாக்டர் எழுதிக் கொடுத்த பவரில், இலேசான நிறத்தில் கண்ணாடி போடச் சொன்னேன். பகலுக்கு இது, பொழுது சாய்ந்தால் வெள்ளைக் கண்ணாடி. இருட்டில் டிரைவர் மூக்கை எவன் பார்க்கப் போகிறான்?

ஸ்டாண்டு முழுக்க ஏமாந்தது. தங்க ஃபிரேமைக் கண்டதும் இவருக்குக் கண் திரும்ப வந்துவிட்டதாக முடிவு கட்டினார்கள். அடுத்த லீவுக்கு வந்து திரும்பும்போது லப்பைக்குடிக்காட்டுக்காரர் வீடு தேடியே வந்தார்.

"மாஷா அல்லா, கண்ணு சரியாயிடுச்சாண்ணே?"

"சொட்டு மருந்து போட்டேன் பாய்" என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்த ஒரு பொய்யை மட்டும் நான் மன்னித்தேன்.

அன்று சாயங்காலம் இவர் லப்பைக்குடிக்காடு போய் அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போக வேண்டும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இவர் சீட்டில் உட்கார்ந்து, தங்க ஃபிரேமைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் வழக்கம்போலக் குழாயடியில் நின்றேன். கொடியில் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் கிளம்பியது. அவர் தலையை வெளியே நீட்டி, புடவையைத் தாண்டி, நேராக என்னைப் பார்த்தார். போயிட்டு வரேன் என்று சொல்ல வாய் திறந்தவர், அதை விட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏன் புள்ள, அழுவுறியா?"

அவர் வண்டி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னை என்ன பாக்குறீங்க? ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.