பிள்ளைக்காம்பராக் கதவில் வேப்பிலை

ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயம்மா நான்தான். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. யாரும் உச்சுக் கொட்ட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. காலையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கையில் வாங்கும் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் எழுந்திருக்கிறேன் என்பது தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அப்படி ஒரு காலையில் ஏழு மாதப் பெண்குழந்தை ஒன்றை வாங்கக் கையை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே நாலைந்து சிவப்புக் கொப்புளங்கள். குழந்தையின் தாய் அதைப் பார்த்தாள். கொடுக்க வந்த பிள்ளையை மறுபடி மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"ஆயம்மா, ஒங்களுக்கு அம்மா போட்டிருக்கு. மொதல்ல வேப்பில கட்டுங்க."

எட்டு மணிக்குள் பிள்ளைக்காம்பராக் கதவில் வேப்பிலை தொங்கியது. எங்கள் ஆட்களுக்கு உடம்பில் கொப்புளம் என்றால் அது அம்மன்தான். அம்மன் வந்த உடம்பை டாக்டரிடம் காட்டக் கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு ஒதுங்கிக் கிடக்க வேண்டும், மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். நானும் கிடந்தேன். ஊருக்குப் பயந்து கிடக்கவில்லை, நம்பித்தான் கிடந்தேன்.

கொப்புளம் நடுவில் கறுத்துப் பொருக்காகி விழ ஐந்து வாரம் ஆனது. தழும்பு மட்டும் மிஞ்சியது. மாவிளக்குப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். இரண்டு மாதம் போனது, மறுபடி வந்தது. மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் மூன்று தண்ணீர். மூன்றாம் முறை வந்தபோது எங்கள் லயத்து வீடுகளில் ஆளுக்கொரு பேச்சு. ஏதோ நேர்த்தியை மறந்துவிட்டேனாம். என் வாய் பொல்லாதது, அம்மனுக்கே பிடிக்கவில்லையாம்.

என் புருஷன் கெலிஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். வந்த மனுஷன் என்னைப் பார்த்துவிட்டு, "ஒன்ன விட்டுப் போக அம்மாவுக்கு மனசே இல்ல போல" என்றார். கரண்டியைத் தூக்கினேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "திங்கக்கெழம கண்டிக்குப் போவோம். நான் லீவு சொல்லிட்டேன்" என்றார்.

அதற்கு முதல் நாள்தான் தோட்டத்து நலன்புரி அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒட்டாத வியாதி என்று டாக்டரிடம் கடிதம் கொண்டுவந்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவார்கள். அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் விழுதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுவிக் காட்டினேன், எல்லாம் பொருக்காகிப் போயிருந்தன. அடுத்த கிளினிக்குக்குத் திகதி கொடுத்தார். அந்தத் திகதி வந்தபோது பொருக்கும் இல்லை.

"அம்மா, உங்கட வருத்தம் நான் பார்க்க முதல் ஓடிப் போகுது" என்றார் டாக்டர். "இனிமேல் புதுசா ஒண்டு வந்தால் மஞ்சள் பூசாதேங்கோ. திகதியும் பார்க்க வேண்டாம். அடுத்த நாளே வாங்கோ. பச்சையாய் இருக்கேக்கதான் நான் துண்டு எடுத்துப் பரிசோதிக்கலாம்."

அதற்குப் பிறகு நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வரக்கூடாது என்று அம்மனைக் கும்பிட்டவள், சீக்கிரம் வரட்டும் என்று தினமும் விளக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை புதுக் கொப்புளம் வந்தது. மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, கண்டியில் இறங்கி, முக்கால் ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு கொப்புளத்தை வெட்டி எடுத்தார்கள்.

முடிவு வர மூன்று வாரம். அன்று புருஷனும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒளிக்காமல் சொல்றன்" என்றார் டாக்டர். "எடுத்த துண்டைக் கண்ணாடிக்குக் கீழ வச்சுப் பார்த்தால் இது லிம்போமா எண்ட புற்றுநோய் மாதிரித்தான் இருக்கு. ஆனால் அது மாதிரி நடந்துகொள்ளுறதில்லை. வரும், தானாய் ஆறும், திரும்ப வரும். லிம்போமடொயிட் பாப்பியுலோசிஸ் எண்டு சொல்லுவம். அரிதான வருத்தம்."

புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவுமே காதில் ஏறவில்லை. புருஷன்தான் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டார், பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டார். சில பேருக்குப் பிற்காலத்தில் உண்மையான புற்றுநோய் வரலாம், அதனால் விடாமல் கிளினிக்குக்கு வர வேண்டும். கழுத்திலோ கக்கத்திலோ கட்டி தட்டுப்பட்டால் உடனே வர வேண்டும். அதிகமானால் மாத்திரை இருக்கிறது, இப்போதைக்குத் தேவையில்லை.

எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "புள்ளைகளுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது. தூக்கலாம், குளிப்பாட்டலாம், சோறு தீத்தலாம்."

அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் என் காலில் இருந்த பழைய தழும்புகளைப் பார்த்து, இவை எப்போது வந்தவை என்று கேட்டார். அட்டைக்கடி, கையில் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே வந்து வந்து போகிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அட்டை இல்லை அம்மா. இதுவும் அதுதான்."

கடிதத்தைப் பார்த்த அதிகாரி வேலையைத் திருப்பிக் கொடுத்தார். காய்ந்த வேப்பிலையைக் கழற்றிவிட்டு, கதவில் அதே ஆணியில் கடிதத்தின் போட்டோகொப்பியைக் குத்தினேன். தொட்டில்களைக் கட்டினேன், கஞ்சி காய்ச்சினேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடிதம் டாக்டருடையது, பிள்ளை அவர்களுடையது. நாலாம் நாள் கஞ்சியை நாய்க்கு ஊற்றும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

ஐந்தாம் நாள் காலையில் இடது கையில் புதிதாக மூன்று. முழுக்கைச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தேன். அதை எடுத்தேன், பிறகு பெட்டிக்குள்ளேயே வீசினேன். அரைக்கைச் சட்டையோடு நேராக, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பெண்கள் கூடையோடு நின்றார்கள். கையை நீட்டிக் காட்டினேன்.

"இதுதான் வியாதி. ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. வந்து பாக்குறவங்க பாருங்க."

யாரும் கிட்ட வரவில்லை. அன்று ஏழு மாதமாக இருந்த அந்தக் குழந்தையின் தாய் மட்டும் கேட்டாள். "எம் புள்ளைய நீங்க தூக்கிட்டிருந்த நாள்லயும் இது இருந்திச்சா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. ஆனால் பொய் சொல்லி வாங்கிய பிள்ளையை எந்த முகத்தோடு தூக்குவது?

"இருந்திச்சி. கால்ல. அட்டக்கடின்னு நெனச்சேன். அதோடதான் ஒம் புள்ளைய மூணு மாசம் இடுப்புல வச்சிருந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள், லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். இனி இந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு பிள்ளையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அவள்தான். இடுப்பில் பிள்ளை, இப்போது ஒன்றரை வயதுக்காரி.

"மூணு மாசம் வச்சிருந்திருக்கீங்க. இதுக்கு ஒரு பொட்டுகூட வரலியே" என்றாள். நான் வலது கையை நீட்டினேன். அவள் அதை விட்டுவிட்டு, கொப்புளம் இருந்த இடது கையில் பிள்ளையை வைத்தாள்.

பிள்ளைக்கு என்னை மறந்துவிட்டது. உதடு பிதுங்கியது. பிறகு கொப்புளத்தைப் பார்த்தாள், குனிந்து, அடிபட்ட இடத்துக்கு ஊதுவதுபோல் உஃப் என்று ஊதினாள்.

"பத்து மணிக்குக் கஞ்சி குடுங்க ஆயம்மா. சூடா இருந்தா துப்பிருவா" என்று சொல்லிவிட்டுத் தாய் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.