ஜுனைதீனுக்காகச் சொல்லாத சொல்

போன கிழமை, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு மூட்டுத் தேடிக் கல்முனைச் சந்தைக்குப் பின்னாலுள்ள பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பலகை கிடந்தது. வெள்ளை எனாமல், கறுப்பு இலக்கங்கள், ஓரமெல்லாம் துரு. இது என்னவென்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரயில்ட சாமான் காக்கா. ஸ்டேசன்ல அடிச்சி வைக்கிற பலகை."

கல்முனைக்கு ரயில் வந்ததே இல்லை. ஆனாலும் அவர் சொன்ன உறுதியில், தண்டவாளம் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

அது குளத்து அளவுப் பலகை. தண்ணீருக்குள் நட்டு வைப்பார்கள். தண்ணீர் தொடும் இலக்கமே அன்றைய நீர்மட்டம். கையில் எடுத்ததும் துரு மணத்தோடு சாகாமக் குளத்தின் சேற்று மணமும் வந்தது. கூடவே ஜுனைதீனும் வந்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அந்தப் பலகையை வாசித்து எழுதுவது அவன் உத்தியோகம். நான் பத்திரிகைக்குப் பிரதேச நிருபர். கிழமைக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய் நீர்மட்டம் கேட்டு எழுதுவேன். ஒருநாள், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானை அவனை மறித்துக்கொண்டு நின்றார்.

"மழ வருமா மனே?"

"தெரியா."

"குளத்துக்காரனுக்கே தெரியாட்டி?"

"எட்டரை அடி இரிக்கி. அவ்வளவுதான் தெரியும்."

"அல்லாஹ்தான் அறிவான் எண்டாவது சொல்லன்டா!"

"அதத்தானே காக்கா சுருக்கிச் சொன்னன்."

வட்டைவிதானை சிரித்துவிட்டுப் போனார். ஊர் அப்படி விடவில்லை. மறுமை பற்றிக் கேட்டாலும் அவனிடம் அதே பதில்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு வருவான், கடைசி வரிசையில் இருப்பான். ஈமான் இல்லாதவன், இறைநம்பிக்கை அற்றவன் என்று சிலர் கதைத்தார்கள். "இல்லையெண்டு சொல்லவும் எனக்கென்ன தெரியும்?" என்பான். "எல்லாம் தெரிஞ்சவன் பாவம் மச்சான். அவனுக்கு இனி மனச மாத்த ஏலா." அவன் கண்ட சுதந்திரம் அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணமான புதிதில், உலகத்துக்கே புத்தி சொல்லும் உற்சாகத்தில், நீ சந்தோசமாக இருக்கிறாயா என்று அவனைக் கேட்டேன். குளக்கட்டுக் கல்லைக் காட்டினான். "தண்ணி இறங்கினாப் பிறகு கல்லுல ஈரம் நிக்கிதே, அதப் பார்த்துத்தான் எவ்வளவு இரிந்திச்செண்டு விளங்கும். இரிக்கக்குள்ள விளங்கா."

அவன் மனைவி பரீதா நோயில் விழுந்தது அதற்குப் பல வருடங்களின் பின். கடைசி நாட்களில் அவனிடம், "அங்க நாம சந்திப்பமா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் "ஓம்" என்று சொல்லிவிட்டான்.

அவளை அடக்கிய மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கடையில் இதை என்னிடம் சொன்னான். நிருபர் புத்தி. கேட்டுவிட்டேன்.

"பொய்யா சொன்ன?"

"தெரியா." இஞ்சித் தேத்தண்ணியை ஊதி ஊதி ஆற்றினான். "ஆனா அவள் நித்திரையாகினாள்."

எழும்பும்போது என்னிடம் ஒன்று கேட்டான். எங்கள் பக்கத்தில் அடக்குவதற்கு முன் ஜனாஸாவை, இறந்தவரின் உடலை, பள்ளிவாசலில் வைத்து, இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பார்கள். எல்லோரும் நல்லவர் என்பார்கள். "எனக்கு நல்லவனெண்டு சொல்லாத மச்சான். கெட்டவனெண்டும் சொல்லாத. தெரியா எண்டு ஒரு ஆளாவது சொல்லணும். உறுதிப்படுத்தாத செய்திய நீ எழுத மாட்டாய்தானே?"

"ஓம்" என்றேன்.

பின்னொரு வருடம் அவனும் இறந்தான். ஜனாஸாவில் அவன் ஒரே மகன் எழுந்து நின்றான். "எங்கட வாப்பா எப்படிப்பட்ட மனிசன்?" வழக்கமாகக் கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. மேலே மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார். மகன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என் முகத்தில் வந்து நின்றான்.

"நல்ல மனிசன்" என்றேன், பள்ளி முழுக்கக் கேட்கும்படி.

பிறகு எல்லோரும் சொன்னார்கள். மகன் கண்ணைத் துடைத்தான். நான் சொன்னது உண்மைதான். ஆனால் ஜுனைதீன் என்னிடம் கேட்டது அதையல்ல. பரீதாவுக்கு அவன் சொன்ன "ஓம்" எவ்வளவு கனமென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதை அவனிடம் சொல்ல, அவன்தான் இல்லை.

தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை. எல்லோர் கையிலும் ஒரு தொலைபேசி. மழை, மறுமை, அடுத்த வீட்டுக்காரனின் ஈமான் எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் இருக்கிறது. தெரியா என்று ஒருவர் சொல்லிக் கேட்டுக் கனகாலம்.

பலகையை அவன் கபுறில் நடலாமென்று வாங்கிக்கொண்டு, அவனை அடக்கிய மையவாடிக்கு நேரே போனேன். அவன் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை உக்கிப் போயிருக்க வேண்டும். மணல் மேடுகள் எல்லாம் ஒன்றுபோல் கிடந்தன. மகனைக் கேட்கலாமென்றால், கட்டாருக்கு வேலைக்குப் போனவனின் தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. மண்வெட்டியோடு காவற்காரர் வந்தார்.

"எந்தக் கபுறு காக்கா?"

பலகையைப் பிடித்துக்கொண்டு எல்லா மேடுகளையும் பார்த்தேன்.

"தெரியா" என்றேன்.