எண்ணிக்கைக்கு வந்த பதினோராவது ஆள்

காலைத் தேநீர் இடைவேளையில் பிரபாலினியின் கையில் ஒரு தோடம்பழம் சுழன்றுகொண்டிருக்கும். உரிக்க மாட்டார். மணிக்கட்டை மடக்கி, விரல்களால் திருகி, மேசையில் விழவிடுவார். நேராகப் போவதுபோல் போக்குக்காட்டிவிட்டு, விழுந்த இடத்தில் பழம் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பும். சுவிஸில், வில் நகரத்து முதியோர் இல்லத்தில் அவர் பராமரிக்கும் ஓய்வுபெற்ற ரயில் ஊழியர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி "நொமோல்!" என்று கத்துவார். இன்னொருதரம் போடு என்று அர்த்தம். பிரபாலினியும் போடுவார்.

நாற்பத்து மூன்று வயது. உயரம் குறைவு. கட்டிலில் கிடப்பவர்களைத் தூக்கித் திருப்பி உறுதியேறிய கைகள். பந்துவீச எங்கே பழகினீர்கள் என்று கேட்டால், "எனக்கு நாலு அண்ணன்மார். துடுப்பு ஒருநாளும் என்ர கைக்கு வரேல்லை. பந்தெண்டாலும் போடுவம் எண்டு பழகினன்" என்பார்.

கணவர் சச்சிதானந்தனுக்கு முழங்கால் போய்விட்டதால், வில் தமிழ்க் கழகத்தின் கிரிக்கெட் குழுவுக்கு ஓட்டக்கணக்கு எழுதுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவரைக் காரில் இறக்கிவிட வந்த ஞாயிற்றுக்கிழமை, குழுவில் பத்துப் பேர்தான் நின்றார்கள். "அக்கா, சும்மா எண்ணிக்கைக்கு நில்லுங்கோ" என்றான் கப்டன் கோபிசன். அன்றிலிருந்து பிரபாலினிதான் பதினோராவது ஆள். மாடு மேயும் வேலியோரம் எல்லைக்கோட்டில் நிற்பார். பந்து தாருங்கள் என்று கேட்காத ஞாயிறு இல்லை. "அடுத்த மேட்ச் பாப்பம் அக்கா" என்று அவன் சொல்லாத ஞாயிறும் இல்லை. நல்ல பிள்ளைதான். ஆனால் வேகமாக ஓடிவந்து வீசுகிறவன் மட்டும்தான் பந்துவீச்சாளன் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி சூக் நகரத்து அணியோடு. காலையில் ஆடுகளத்தில் தும்புப் பாயை விரித்து ஆணி அடிக்கும்போதே கோபிசன் பக்குவமாகச் சொன்னான்: "அடுத்த சீசனுக்கு ரெண்டு பெடியள் வருகினம் அக்கா. உங்களுக்கு இனி இந்தக் கரைச்சல் இல்லை." பிரபாலினி ஆணியை ஓங்கி அடித்தார். ஒரு ஓவர்கூடப் போடாமலே வீட்டுக்குப் போவதா?

வழி திறந்துவிட்டது வேலைதான். எங்கள் ஆட்களின் துடுப்பாட்டத்தில் மழையைவிடப் பெரிய எதிரி ஞாயிறு மாலை வேலை. ஐந்து மணிக்கு உணவகச் சமையலறையில் நிற்க வேண்டிய நிருசன், தான் வீசவேண்டிய ஓவர் ஒன்று மிச்சமிருக்க, "ரெயினுக்கு நேரமாச்சு, போறன்!" என்று காலணியைக் கழற்றாமலே ஓடிவிட்டான். சூக் அணி வெல்ல மூன்று ஓவரில் பதினொரு ஓட்டம் வேண்டும். அவர்களிடம் இரண்டு விக்கெட்தான் பாக்கி. கோபிசன் மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மற்ற வீச்சாளர்களுக்கு ஓவர் முடிந்துவிட்டது, அல்லது முந்தின ஓவரைப் போட்டவன்; அடுத்தடுத்துப் போட விதியில் இடமில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. பந்து பிரபாலினியின் கைக்கு வந்தது.

முதல் பந்து ஆசையில் கைவழுக்கி, நிலத்தில் விழாமலே துடுப்புக்குப் போனது. நான்கு ஓட்டம். சூக் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். கோபிசன் தலையில் கைவைத்தான். ஆனால் தொடங்கிய ஓவரை இடையில் பறிக்க எந்தக் கப்டனாலும் முடியாது. அது பிரபாலினிக்கும் தெரியும்.

இரண்டாவது பந்து பாயில் பிடித்துத் திரும்பியது. துடுப்புக்காரன் காற்றை அடித்தான். மூன்றாவது அவனுடைய காலுக்கு வெளியே விழுந்தது. அவன் இடது பக்கம் ஓங்கி விசுக்க, பந்து அவனைச் சுற்றிக்கொண்டு போய் மற்றக் கரையில் இருந்த விக்கெட் தடியைச் சரித்தது. போனவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கடைசி ஆள் வந்தான். கோபிசன் ஓடிவந்தான். "அக்கா, இனி நேராப் போடுங்கோ. எல்லாரையும் தூரத்திலை விடுறன்."

"ஒருத்தரையும் விடவேண்டாம். நீங்கள் ஸ்லிப்பிலை வந்து நில்லுங்கோ தம்பி."

"ஸ்லிப்பிலையோ?"

"ஓம். கையை விரிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அவன் போய், விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்கத் துடுப்புக்காரனுக்குப் பின்னால் நின்றான். நான்காவது பந்து மெதுவாக, மிக மெதுவாக வந்தது. துடுப்பின் விளிம்பில் ஒரு சின்னச் சத்தம். கோபிசனின் நெஞ்சில் பட்டு, கையில் விழுந்து, துள்ளி, மறுபடி கையில் விழுந்தது. ஆறு ஓட்டத்தால் வெற்றி! சச்சிதானந்தன் கணக்குப் புத்தகத்தோடு மேசையையும் தள்ளிவிட்டு, முழங்காலை மறந்து ஓடிவந்தார். பெண்சாதியின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை அவர் பார்த்து வெகுகாலம்.

கூச்சல் அடங்கியபின் பொருட்களைக் கட்டினார்கள். பந்து பிரபாலினியிடம் இருந்தது. கோபிசன் கழகத்தின் பெரிய பையை விரித்துப் பிடித்தான்.

"இதுக்கை போடுங்கோ அக்கா. அடுத்த சீசன் பிராக்டிசுக்கு வேணும்."

"ஓம், வேணும்தான்" என்றார் பிரபாலினி. "நானே கொண்டுவாறன்."

பந்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோபிசன் விரித்துப் பிடித்திருந்த பையின் ஸிப்பை ஒரே இழுவையில் மூடினார்.