மாமி வீட்டுப் புல்லுருவி

ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டபின் அம்மாவும் நானும் கிளிவெட்டியில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டோம். சைரன் ஊதினாலே அம்மா என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவார். அப்பா மட்டும் துறைமுகத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு கடற்படைத் துரையின் பங்களாவில் அவர் தோட்டக்காரர். துரைக்கு ஓர்கிட் பூச்செடிகளென்றால் பைத்தியம். குண்டு விழுந்த அன்றும் பூச்சட்டிகளைத்தான் முதலில் எண்ணிப் பார்த்தாராம்.

மாமா வீட்டு மாமரத்திலும் அப்படியொரு செடி இருந்தது. வெள்ளைக் கயிறுபோல வேர், பழுப்புப் பூ, நல்ல மணம். எனக்கு அதன்மேல் உயிர். ஒருநாள் மாமி அதைக் கண்டுவிட்டார்.

"உது புல்லுருவி. ஒட்டியிருந்தே மரத்தை உறிஞ்சிப்போடும். புடுங்கி எறியவேணும்."

மரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கும் கேட்டது. அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வயிற்றுவலியாக்கும் என்று நினைத்தேன்.

எனக்குச் செடிதான் கவலை. அடுத்த கிழமை அப்பா வந்ததும் ஓடிப்போய் முறையிட்டேன்.

"அது புல்லுருவி இல்லை, பிள்ளை. மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, அவ்வளவுதான். சாப்பாட்டைத் தானே தேடும்," என்றார் அப்பா.

துரை சொன்னதாக இன்னும் என்னென்னவோ சொன்னார். அதன் முன்னோர் நிலத்தில் நின்றவையாம். கீழே வெளிச்சம் காணாமல், லட்சக்கணக்கான வருடங்களாக மெல்லமெல்ல மரமேறிப் பழகினவையாம். அப்படியென்றால் மாமாவின் மாமரத்துக்கு என்ன வயது? எனக்குத் தலை சுற்றியது. விதையோ தூசி மாதிரியாம். உள்ளே சாப்பாடே இல்லையாம். முளைக்கும்போது ஏதோ பூஞ்சணம் ஊட்டிவிட வேண்டுமாம். தானே தேடுமா, ஊட்டித்தான் வளருமா என்று ஒரேயடியாகக் குழம்பிப்போனேன்.

அதற்காக வழக்கை விடுவேனா? மறுநாள் மத்தியானம் எல்லோரும் சோற்றுக்கு இருந்தபோது தொடங்கினேன்.

"மாமி, ஒட்டியிருக்கிறது எல்லாம் உறிஞ்சாதாம். சின்னனிலை மட்டும் ஆரும் ஊட்டவேணுமாம். பிறகு தானே உழைச்சுச் சாப்பிடுமாம். இருக்க இடம் மட்டும் குடுத்தால் காணுமாம்."

மாமியின் அகப்பை பானைக்குள்ளேயே நின்றது.

"ஆர் உப்பிடிச் சொல்லித் தந்தது?"

"அப்பா," என்றேன் பெருமையாக.

மாமா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"அது செடியின்ரை கதை..." என்று அப்பா இழுத்தார்.

"விளங்குது, விளங்குது," என்றார் மாமி.

அடுத்த நாள் காலை மூதூரில் வள்ளம் ஏறி, குண்டு விழுந்த ஊருக்கே திரும்பினோம். வள்ளத்தில் என்னைப் பிடித்தபடி அம்மா இப்போதே வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செடியை ஒருவரும் பிடுங்கவில்லை. புறப்படும்போதுகூடத் திரும்பிப் பார்த்தேன், பூவோடு நின்றது. வழக்கில் வென்றவள் நான். பிறகு எதற்காக நாங்கள் மூட்டை கட்டினோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.